தட்டு ஆடட்டும், நட்டைத் தொடாதீங்க

டிரம் செட்டுல ஆடறதுக்குன்னே செஞ்ச சாமான் ஒண்ணு இருக்குது, அது தட்டு, குச்சியால அடிக்கற பித்தளை சிம்பல். அது ஆடறதைப் பாத்துட்டு கையைக் கட்டிக்கினு நிக்க முடியாதவங்கதான் நம்ம பக்கத்துல முக்காவாசிப் பேரு.

இட ஒதுக்கீடு போராட்டம்னு காலேஜை மூடிட்டாங்க. நான் கள்ளக்குறிச்சியில ஒரு பாட்டுக் கச்சேரி பார்ட்டியில டிரம்முக்கு ஸ்டாண்டு மாட்டற வேலை, ரெண்டு வருசமா லீவு நாள்ல செஞ்சதை இப்ப தெனம் செஞ்சிக்கினு இருக்கறேன். மைக் செட்டு போடறவங்க, சீரியல் லைட்டு கட்டறவங்க, பந்தல் போடறவங்க எல்லாம் இதைப் படிச்சா தலையில அடிச்சிக்குவீங்க, தெரியும். உங்களுக்கும் தெனம் இதே கதிதான். மத்தவங்களுக்காக ஒரே ஒரு தடவை சொல்லிடறேன். மூணு காலு ஸ்டாண்டு. உச்சியில ஒரு கம்பி. அதுல ஒரு கம்பளி வாஷர், அது மேல தட்டு, மறுபடி ஒரு வாஷர், கடைசியா ரெண்டு காது வெச்ச விங் நட்டு. அந்த நட்டை ஒட்ட முறுக்கக் கூடாது. தட்டு ஆடினாத்தான் சத்தம் நீளமா வரும். முறுக்கிட்டா அசையாம அடி வாங்கி, ஓரத்துல விரிசல் வுடும். இதுல புரியாம போறதுக்கு இன்னா இருக்குது?

டிராக்டர் ஸ்பேனர்

ரிஷிவந்தியத்துல ஒரு கல்யாணம். மத்தியானமே போய் எல்லாத்தையும் மாட்டிட்டு, கை கழுவிக்கினு பந்தியில ஒக்காந்தேன். திரும்பி வந்து பாத்தா மாப்ளைக்கு மாமன் ஒருத்தரு, வெள்ளை வேட்டியை மடிச்சிக் கட்டிக்கினு, டிராக்டருக்குப் போடற ஸ்பேனரை வெச்சி என் நட்டை முறுக்கிக்கினு இருக்காரு. விங் நட்டை விரலால திருவணும்யா! அதுக்குத்தானே காது வெச்சிருக்கான்? ஒரு காது ஏற்கெனவே பேந்து கீழ கெடக்குது.

"இன்னா பண்றீங்க?"ன்னு கத்தினேன். அவரு வேர்வையைத் தொடச்சிக்கினு தட்டை ஒரு குத்து குத்தினாரு. அசையல. அவ்ளோ சந்தோசம் அவருக்கு. நான் சத்தம், அதிர்வுன்னு பாடமே எடுத்தேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு சொன்னாரு: "தம்பி, லூசா இருந்ததை டைட்டு பண்ணிக் குடுத்திருக்கறேன், அதுக்கு நீ நன்றி சொல்லணும், காலேஜுல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்க போல."

விரிசல்

அன்னிக்கு கச்சேரி முடிஞ்சி பாத்தா தட்டு ஓரத்துல மயிரு மாரி ஒரு விரிசல். எங்க டிரம்மர் சலீம் பாய் அதை மறுநாள் அவங்க இரும்புக் கடைக்கு எடுத்துக்கினு போய், வெயில்ல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஆறடி ஆளு. கடை உத்தரம் இடிக்கும்னு குனிஞ்சே நிப்பாரு. விரிசல் மேல சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு, "இந்தப் பக்கம் குச்சி படக் கூடாது. சுவத்துப் பக்கமா திருப்பி மாட்டு"ன்னாரு.

புதுசு வாங்கிட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. மெட்ராஸ்லேந்து வரணும். போராட்டத்துல அடிக்கடி ரோட்டுல மரத்தை வெட்டிப் போட்டுடறாங்க, பார்சல் எதுவும் வரல. அதுல இன்னொரு சேதி. சலீம் பாய்க்கு அவங்க மச்சான் துபாய்ல ஒரு வேலைக்கு ஏற்பாடு பண்ணி டிக்கெட் அனுப்பிட்டாரு. அப்ப டிரம்முல யாரு ஒக்கார்றது? ரெண்டு வருசமா ஸ்டாண்டு தூக்கினவன் நானு. சலீம் பாய் இல்லாத நேரமெல்லாம் கடை மாடியில அடிச்சிப் பழகினவனும் நானு. மாஸ்டர்கிட்ட, அவருதான் பார்ட்டியை நடத்தறவரு, நேரா போய்க் கேட்டுட்டேன். அவரு பெட்டியை மூடிக்கினே சொன்னாரு: "கரியாலூர் திருவிழா வரைக்கும் அந்தத் தட்டு தாங்கினா நீ ஒக்காரு ஏழுமல, உடைஞ்சிச்சுன்னா, சேலத்துலேந்து தட்டையும் டிரம்மரையும் சேத்தே வரவழைச்சிடுவேன்."

ட்ரில் மாஸ்டர்

அன்னியிலேந்து நான் பந்தியில ஒக்கார்றதையே வுட்டுட்டேன். சோத்தை இலையோட எடுத்தாந்து ஸ்டாண்டு பக்கத்துல வெச்சிக்கினு துன்னேன். அப்பிடியும் வுடல. சின்னசேலத்துல ஒரு நிச்சயதார்த்தம். பொண்ணுக்கு அப்பா ரிட்டயர் ஆன ட்ரில் மாஸ்டர். மேடையைச் சுத்தி வந்தாரு. விரிசல் வுட்ட பெரிய தட்டு ஒசரமா இருக்குது, இன்னொரு சின்னது தாழ இருக்குது, ரெண்டும் சாஞ்சிருக்குது. அவருக்குத் தாங்கல.

"சார், அடிக்கறவரு கைக்குத் தக்கன சாச்சி வெச்சிருக்கறேன்"னேன். "படத்துல அசிங்கமா வுழும்"னாரு. "படம் யாரைப் புடிக்கறாங்க, பொண்ணையா தட்டையா?"ன்னேன். அவரு வாய்ல விசில் இல்லாத கொறைதான். சாய்வு நட்டை அவரே திருவி, ரெண்டையும் ஒரே ஒசரத்துல தாம்பாளம் மாரி படுக்க வெச்சிட்டு, தள்ளி நின்னு ஒத்தைக் கண்ணை மூடிப் பாத்துட்டு சொன்னாரு: "ஒரு தோள் ஏறி ஒரு தோள் எறங்கி நின்னா அதுக்குப் பேரு அட்டென்ஷனா?"

தூளி

அதே வூட்டுல, அதே நாளு. ட்ரில் மாஸ்டர் அந்தாண்ட போனதும் எல்லாத்தையும் பழையபடி சாச்சி வெச்சிட்டு, ஒயரு எடுக்க வேனுக்குப் போனேன். ஒரே ஓட்டமா போய் ஒரே ஓட்டமா வந்தேன். அதுக்குள்ள ஸ்டாண்டு உச்சிக் கம்பியில ஒரு ஈரத் துணி தொங்குது. கொழந்தைது. சொட்டு சொட்டா தட்டு மேல வுழுது. பக்கத்துல ஒரு அக்கா, இடுப்புல கைக்கொழந்தை, ஸ்டாண்டைப் புடிச்சி ஆட்டிப் பாத்துக்கினு நிக்குது.

"யக்கா, இது துணி காயப் போடற கம்பியா?"ன்னேன். கோவமே வரல அதுக்கு. கொழந்தையைத் தோள்ல மாத்திப் போட்டுக்கினு, ஸ்டாண்டை மேலேந்து கீழ வரைக்கும் ஒரு தடவை பாத்துட்டுக் கேட்டுச்சு: "நல்லா கெட்டியா இருக்குது தம்பி, இதே மாரி இன்னொண்ணு இருந்தா பக்கத்துல நிறுத்தேன், தூளி கட்டிக்கறேன்."

வியாழக்கிழமை

வெள்ளிக்கிழமை மறியல்னு ஊரெல்லாம் பேச்சு. நான் போராட்டத்துல இருக்கற பசங்ககிட்ட சண்டை போட்டேன். "வெள்ளிக்கிழமைன்னு தண்டோரா போட்டா போலீஸ் வந்து முன்னாடியே நிக்கும். வியாழக்கிழமையே ஒக்காருங்கடா!" பேச்சுல என்னை எவன் ஜெயிக்கறது? ஒக்காந்தோம், தியாகதுருகம் ரோட்டுல, விடிஞ்சும் விடியாத நேரத்துல. நான் செஞ்சது தப்புன்னு இப்பவும் சொல்ல மாட்டேன். எங்கப்பன் நெலத்துல வேர்வை சிந்தறாரு, எனக்கு ஒரு சீட்டு, ஒரு வேலை கேக்கறதுக்கு ரோட்டுல ஒக்காராம வேற எங்க போய் ஒக்கார்றது?

மொதல்ல வந்தது மெட்ராஸ் போற பஸ். நான்தான் முன்னாடி போய் கையைக் காட்டி நிறுத்தினேன். மூணாவது ஜன்னல்ல ஒரு தலை, ஒசரம் பத்தாம குனிஞ்சிக்கினு. சலீம் பாய்! புதுச் சட்டை, மடியில சூட்கேஸ். அவருக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி பிளைட்டு. வெள்ளிக்கிழமை மறியல்னு கேட்டு, ஒரு நாள் முன்னாடியே கெளம்பிட்டாரு. நான் ஓடிப் போய் "இந்தப் பஸ்ஸை மட்டும் வுடுங்கடா"ன்னேன். "நீதானே ஆம்புலன்சைத் தவிர எதையும் வுடாதேன்னே?"ன்னான் ஒருத்தன். என் பேச்சை என்கிட்டயே திருப்பறான். ரெண்டு நாளும் ஒரு சக்கரம் உருளல. பிளைட்டு போயிடுச்சு. சலீம் பாய் சூட்கேஸைத் தலையில வெச்சிக்கினு ஊருக்குத் திரும்பி நடக்கறப்ப, என் பக்கத்துல நின்னு சொன்னாரு: "சரி ஏழுமல, கரியாலூருக்கு ஸ்டாண்டைத் தொடச்சி வை, நானே வந்து அடிக்கறேன்."

ஜீப்பு

கச்சிராயபாளையத்துலேந்து கரியாலூர் மலைக்கு ஜீப்பு. தட்டைத் துணியில சுத்தி மடியில வெச்சிக்கினு முன்சீட்டுல நானு. யாருக்காகக் காப்பாத்தறோம்னு நெனைக்க நெனைக்க எரியுது. அந்த எரிச்சல்ல டிரைவரைப் புடிச்சிக்கினேன். மலைக்காரரு, பழங்குடி ஆளு. கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு இட ஒதுக்கீடு பத்தி வெளாசறேன். எங்களுக்கு எத்தினி வேணும், ஏன் வேணும், எவன் தடுக்கறான்னு.

அவரு ஊம் கொட்டிக்கினே கியரை மாத்தினாரு. கடைசி வளைவு ஏறினதும் வண்டியை ஓரங்கட்டி, ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்திக்கினே சொன்னாரு: "எங்க ஜனத்துக்கு எப்பவோ ஒதுக்கிட்டாங்க தம்பி, அதை வாங்கப் போறதுக்கு எங்க ஊர்ல ஒரு பள்ளிக்கூடம்தான் இன்னும் வரல."

கரியாலூர் மேடை

சரிவுல மேடை. பலகை ஒரு பக்கம் எறங்கிக் கெடக்குது. ஸ்டாண்டுக் காலு மூணையும் மூணு வெதமா இழுத்து, அடியில சாக்கு போட்டு, சாஞ்ச மேடையில தட்டை சரியா நிறுத்தினேன். விரிசல் பின்பக்கம். நட்டுக்கும் வாஷருக்கும் நடுவுல விரல் போற எடம். "எவனாச்சும் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்"னு பொதுவா ஒரு கத்து கத்தினேன். ஒருத்தரும் தொடல. மொத மொறையா எவனும் தொடல!

மூணு பாட்டு முடிஞ்சிச்சு. சலீம் பாய் எழுந்து, குச்சி ரெண்டையும் என் கையில திணிச்சாரு. "ஒரு பாட்டு நீ அடி. இவ்ளோ தூரம் தட்டை உசுரோட கொண்டாந்திருக்கற." மாஸ்டர் மொறைச்சாரு. அதுக்குள்ள பாட்டு ஆரம்பிச்சிடுச்சு. ஒக்காந்தேன். தாளம் புடிச்சேன், அருமையா வருது. தட்டு அடிக்கற எடம் வந்துச்சு. கையை நீட்டறேன், எட்டல! ஆறடி ஆளுக்கு ஏத்தி, ஆறடி ஆளு கைக்குச் சாச்சி, ரெண்டு வருசமா ஒவ்வொரு நட்டும் சலீம் பாய் அளவுக்கே திருவி வெச்சிருக்கறேன். நான் அவரு தோளுக்குக் கீழ. கடை மாடியில வெறும் டிரம்மை மட்டுந்தான் அடிச்சிருக்கறேன், தட்டை யாரு குடுத்தா? பாட்டு நடுவுல எந்த நட்டைத் தளத்தறது? தட்டு வர்ற எடத்துலெல்லாம் எழுந்து அடிச்சிட்டு ஒக்காந்தேன், எழுந்து அடிச்சிட்டு ஒக்காந்தேன். ஜனம் கை தட்டுது, விசிலடிக்குது. பாட்டு முடிஞ்சதும் கோயில் தர்மகர்த்தா மேடையாண்ட வந்து, மாஸ்டர் கேக்கவே சொன்னாரு: "ஒக்காந்து அடிக்கறவரை வுட இந்தத் தம்பி நல்லா இருக்குது, அடுத்த வருசமும் எழுந்து ஒக்கார்ற ஆளையே அனுப்புங்க."

சலீம் பாய்க்கு மறுபடியும் டிக்கெட் வந்திருக்குது, அதே வாரத்துல மறுபடியும் மறியல்னு சொல்றாங்க, ரோட்டுல ஒக்காந்தா அவரு பஸ்ஸும் நின்னுடும், டிரம்முல ஒக்கார முடியாது, டிரம்முல ஒக்காரணும்னா ரோட்டுலேந்து எழுந்திரிக்கணும்னு நானும் பேசிப் பேசிப் பாக்கறேன், வாழ்க்கையில மொத தடவையா என்கிட்டயே தோத்துக்கினு இருக்கறேன்.