அடியில் விட்ட வெள்ளை இடம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி பிறந்து காற்று ஊரையே தூக்கிக்கொண்டு போய்விடும் போல அடித்துக்கொண்டிருந்த நாட்களில், விருதுநகர் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், ஒரு சின்னத் தையல் கடையில் நடந்தது இது. இப்போதும் ஆடிக்காற்று எழும்பினால் எனக்கு அந்தக் கடையின் புதுத்துணி வாசம்தான் முதலில் வருகிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் சிவகாசிக்காரி. நாரணாபுரம் போகிற வழியில் வீடு. படம் வரைவதுதான் தெரிந்த ஒரே தொழில். ஒரு காலண்டர் கம்பெனியில் பல வருஷம் டிசைனராக இருந்தேன். எங்கள் ஊரில் காலம் கொஞ்சம் முந்தித்தான் ஓடும். உலகம் ஆடி வெயிலில் நிற்கும்போது நாங்கள் வரப்போகும் தைப்பொங்கல் பானைக்கு வண்ணம் கொடுத்துக்கொண்டிருப்போம். சில நாள் வேலை முடிந்து வெளியே வந்தால் இது எந்த மாதம் என்று யோசிக்க வேண்டியிருக்கும். எனக்குப் பிறவியிலேயே பாதி நேரம் கனவு என்பதால் அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

காலண்டர் படத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முருகனை வரைந்தாலும் ரோஜாவை வரைந்தாலும் அடியில் ஒரு பட்டை இடத்தை வெள்ளையாக விட்டுவிட வேண்டும். காலண்டரை ஆர்டர் கொடுத்து வாங்கும் ஜவுளிக்கடை, மளிகைக்கடைகளின் பெயர் அங்கே ஏறும். வரைந்தவர் பெயர் எங்கேயும் வராது. வர வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றியதில்லை. சோறு பொங்கினவள் பெயரை யாராவது இலையில் எழுதுவார்களா என்ன?

ஆனால் மனசுக்குள் வேறு படங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. விடிகாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் பட்டாசு ஆலை வேன் ஒன்று, கண்மாய்த் தண்ணீருக்கு மேலே சத்தமில்லாமல் மிதந்து போகும். உழுது போட்ட கரிசல் காட்டில் நட்சத்திரம் முளைத்திருக்கும். கிளி ஒன்று அலகில் ஊசியும் நூலுமாக, கிழிந்த மேகத்தைத் தைத்துக்கொண்டே நிலாவைத் தாண்டிப் போகும். இதையெல்லாம் கம்பெனியில் காட்டினால், நன்றாக இருக்கிறது, முருகன் முடிந்ததா என்று கேட்பார்கள்.

ஒருநாள் வேலையை விட்டேன். ஃப்ரீலான்சராகப் பிழைக்கலாம், ஆன்லைனில் நமக்கென்று ஒரு வியாபாரத்தை உண்டாக்கலாம் என்று கிளம்பினேன். அழகான பெயரில் ஒரு பக்கம் தொடங்கி, நாள் தவறாமல் ஒரு படம் போட்டேன். முதலில் உங்களை நீங்களே விற்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லும் வீடியோக்களை எல்லாம் பார்த்தேன். முகத்தைக் காட்டிப் பேச வேண்டும் என்றார்கள். மொட்டை மாடியில் நின்று பேசிப் பார்த்தேன். என் குரலைவிடப் பக்கத்து வீட்டுச் சேவலின் குரல்தான் தெளிவாகக் கேட்டது. அத்தோடு அந்த ஆசையை விட்டேன்.

படங்களுக்கு இதயம் இதயமாக வந்து குவிந்தது. ஆர்டர்தான் வரவில்லை. லைக்கைப் போட்டு உலை கொதிக்க வைக்க முடியுமா? லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், "ஒன்னையப் பத்தி நீயே வாயத் தொறக்கலேன்னா வேற யாரு சொல்லுவா? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்றார். எனக்குத்தான் அழத் தெரியவில்லை. என் பெயரை நானே சொல்லிக்கொள்வது, பந்தியில் எனக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் என்று கேட்பது போலக் கூச்சமாக இருந்தது.

இப்படியே ஒரு வருஷம் போனது. அப்போதுதான் பழைய கம்பெனியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ஆடிப் பதினெட்டு அன்று எங்கள் ஊர்க் காலண்டர் கம்பெனிகளில் பூஜை போட்டு, அடுத்த வருஷத்துப் படங்களின் மாதிரி ஆல்பத்தைப் பிரிப்பார்கள். அதிலிருந்து சீசன். அன்றைக்கே வந்து சேர்ந்துகொள், ஆனால் வெளிவேலை எதுவும் கூடாது என்றார் முதலாளி. அவர் நல்லவர், கேட்டதும் நியாயம்தான். சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் நின்று அழுதேன். மிதக்கும் வேனும் நட்சத்திரக் காடும் இனி என்னோடு முடிந்தது என்று இருந்தது.

வேலைக்குப் போவதென்றால் உடுத்திக்கொள்ள நாலு ரவிக்கை வேண்டுமே. விருதுநகரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனபோது, ஆடித் தள்ளுபடியில் துணி எடுத்துக்கொண்டு, அவர் சொன்ன தையல் கடையைத் தேடிப் போனேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, அதனால் கடையில் கூட்டம் இல்லை. என் வயதை ஒட்டிய ஒரு பெண் தனியாக மிஷினில் உட்கார்ந்திருந்தார். காற்றில் வெட்டுத் துணிகள் தரையெல்லாம் உருண்டுகொண்டிருந்தன. அளவு எடுத்து, பில்லில் என் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டார். சும்மா நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன்.

சுவரில் என் கிளி.

அதே நிலா, அதே கிழிந்த மேகம், அலகில் அதே ஊசி. அடியில் நான் வெள்ளையாக விட்டிருந்த பட்டையில் அந்தக் கடையின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. திருவிழாக் கூட்டத்தில் நம் பிள்ளை வேறு யாரோ கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி போவதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. பயமும் பெருமையும் ஒன்றாக வந்தன. நான் தூங்குகிறேனா என்றுகூட ஒரு நிமிஷம் சந்தேகம். இது எங்கே வாங்கியது என்று கேட்டேன்.

"வாங்கலக்கா. எங்க தையக்காரக குரூப்புல வந்துச்சு. அடியில இடம் விட்டுருந்துச்சா, நம்ம பேரைப் போட்டுக்கிடட்டும்னுதான் யாரோ புண்ணியவான் விட்டுருக்காகன்னு நெனச்சு, ஃபிளக்ஸ் கடையில குடுத்து ஏத்திட்டேன்."

கோபம் வரவில்லை. எப்படி வரும்? இடம் விட்டது நான்தானே. என் ஆன்லைன் பக்கத்தில் போடும்போது மேலே கணக்கின் பெயர் இருக்கும். அந்தப் பெயரிலும் என் பெயர் கிடையாது. யாரோ படத்தை மட்டும் எடுத்து அனுப்ப, அது கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போயிருக்கிறது. கம்பெனியை விட்டு வந்தும் என் கை மட்டும் கம்பெனிக்கே வேலை பார்த்திருக்கிறது. எல்லாப் படத்திலும் அடியில் இடம், ஒன்றில்கூடப் பெயர் இல்லை.

இதை வரைந்தது நான்தான் என்றேன். அவர் சிரித்தார். நான் குண்டாகவே இல்லை, பழைய அளவே போதும் என்று சொல்லும் வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. எனக்கு என்ன தோன்றியதோ, மேஜையில் கிடந்த நீல லைனிங் துண்டை இழுத்து வைத்து, துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்து வரைய ஆரம்பித்தேன். வெளியே காற்று ஊளையிட்டது. கை தன்னால் ஓடியது. நிலா, மேகம், கிளி, ஊசி, கடைசியில் நூல். அவர் மிஷினிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றது எனக்குத் தெரியவில்லை.

"இதுலயும் அடியில இடம் விட்டுட்டீக," என்றார் மெதுவாக. அப்புறம் கேட்டார், "அப்ப ஒங்க பேரு எங்கனக்கா?"

எங்கள் பக்கம் அப்படிப் போடுகிற வழக்கம் இல்லை என்று ஏதோ சொன்னேன். அவருக்கு அது சமாதானமாகவே இல்லை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இந்தப் படத்தின் முன்னால் நிற்பார்களாம். சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கப்போகிற ஒரு அம்மா, சுவரெல்லாம் இதே போல வேண்டும், வரைந்தவர் யார் என்று இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனாராம்.

"கேட்டவகளுக்கெல்லாம் தெரியாதுன்னே சொல்லிட்டேன். தெரிஞ்சிருந்தா சொல்லிருப்பேன்லக்கா," என்றார். ஏதோ அவர் பக்கம் தப்பு நடந்துவிட்டதைப் போல அவர் முகம் வாடிவிட்டது.

பஸ்சில் திரும்பும்போது அந்த வார்த்தை கூடவே வந்தது. என்னை யாரும் தேடவில்லை என்றுதான் ஒரு வருஷமாக அழுதுகொண்டிருந்தேன். தேடியிருக்கிறார்கள். தேடி வந்தவர்கள் என் படத்துக்கு முன்னாலேயே நின்றும் என்னைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள். வழியில் பட்டாசு ஆலை வேன்கள் எதிரே வந்தன. ஜன்னலோரம் சாய்ந்து தூங்கும் பெண்களின் முகங்கள் அந்திச் சிவப்பில் மிதந்து போயின. அன்றைக்கு என்னவோ, உலகமே நான் வரைந்தது போலத்தான் இருந்தது.

ஆனாலும் ரவிக்கை வாங்கப் போகும் வரை நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. ஒரு தையல் கடைக்காரர் சொன்னதை நம்பி வந்த வேலையை விடலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. ஆடிப் பதினெட்டுக்கு முதல்நாள் போனேன். அவர் நாலு ரவிக்கையையும் மடித்துக் கொடுத்தார். மேலே அந்த நீலத் துணி இருந்தது. சாக்பீஸ் கோடு அழிவதற்குள் அதன் மேலேயே தைத்திருக்கிறார். பச்சை நூலில் கிளி, வெள்ளி நூலில் நிலா. அடியில் நான் விட்டிருந்த பட்டையில், சிவப்புச் சங்கிலித் தையலில், பில்லில் இருந்து எடுத்த என் பெயர்.

"இடம் விட்டுருந்தீகள்ல. ஏத்திட்டேன்," என்றார். அதற்குக் கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். சுவரில் இருந்த படத்தின் ஓரத்திலும் என் பெயரையும் நம்பரையும் எழுதி ஒட்டியிருந்தார். அந்தப் பள்ளிக்கூட அம்மாவிடமும் சொல்லியாகிவிட்டதாம். நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, கூச்சப்படாமல் அழுதேன். அழுத பிள்ளைக்கு அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் ஊரெல்லாம் ஆல்பம் பிரித்துப் பூஜை நடந்தது. நான் என் வரைகிற மேஜையில் விளக்கேற்றி, அந்தத் துணியை விரித்துப் படம் எடுத்து, என் பெயரோடும் நம்பரோடும் போட்டேன். அதுதான் என் ஆல்பம். முதலாளிக்குப் போன் செய்து, தயங்கித் தயங்கி, வரவில்லை என்றேன். நல்லா இரு, முருகனை மட்டும் வருஷா வருஷம் வீட்டில் இருந்தே போட்டுக் கொடுத்துவிடு என்றார். என் முதல் வாடிக்கையாளர் அவர்தான். மத்தியானம் பள்ளிக்கூட அம்மா கூப்பிட்டார்.

ஒரே நாளில் ஓகோ என்று ஆகிவிடவில்லை. மெள்ள மெள்ளத்தான் வளர்கிறது. கம்பெனிக்குப் போகத் தைத்த ரவிக்கைகளைப் போட்டுக்கொண்டு வீட்டு மேஜையில் உட்கார்ந்து வரைகிறேன். எல்லாப் படத்திலும் அடியில் இன்னமும் இடம் விடுகிறேன், அது வாங்குகிறவர்களுக்கு. ஆனால் மேலே ஓரத்தில் என் பெயரைச் சின்னதாக எழுதும்போதெல்லாம், நானே சொல்லக் கூசிய அந்தப் பெயரை, முன்பின் தெரியாத ஒரு பெண் ஆடிக்காற்றுக்குக் கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகத் தைத்திருப்பாரே என்று நினைத்துக்கொள்கிறேன், கை தானாக நிதானமாகிவிடுகிறது.