மார்கழியில் ஏற்றிய பதிப்பு

என் வீட்டுக்காரர் தில்லைநாயகத்துக்குப் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் எழுத்தர் வேலை. உயிரைக் கொடுத்ததோ வேறொன்றுக்கு. எங்கெங்கோ இருக்கிற ஏழெட்டுப் பேர் சேர்ந்து, தமிழில் தட்டச்சு செய்ய இலவசமாக ஒரு மென்பொருள் எழுதினார்கள். அதை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் பக்கம் இவர் பொறுப்பு. அதன் நிரலை யாரும் திறந்து படிக்கிற பக்கமும் இவர் பொறுப்பு. எந்த வரியை யார், ஏன் மாற்றினார் என்று அதில் பெயரோடு இருக்கும். ஒரு பிரயோஜனமும் இல்லை என்று நான் திட்டாத நாள் இல்லை.

1999 டிசம்பரில், அப்போதிருந்த பதிப்பு சேமிக்கும்போது கோப்பில் உள்ளதையே அழித்துவிடுகிறது என்று தெரிந்தது. மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடாமல் திருத்தினார். ஏற்றப் போகும்போது நான் மறித்தேன்.

"மார்கழியில போய்ப் புதுசு தொடங்குவாகளா?"

தை வரை பொறுக்க முடியாது என்றார். அப்படியானால் கம்ப்யூட்டரிலாவது கார்த்திகை முகூர்த்த நாளை வையுங்கள் என்றேன். என் வாயை அடைத்தால் போதும் என்று கம்ப்யூட்டர் தேதியைக் கார்த்திகைக்கு மாற்றி ஏற்றினார்.

உடனே மேலப்பாளையம் அஸீலாவுக்குப் போன் செய்து, புதுசு வந்தாச்சு, பயப்படாமல் இறக்கு என்றேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். தறிக்காரர்களின் சொற்களைப் பற்றி நான்கு வருஷ ஆராய்ச்சி. திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

மறுநாள் ஃப்ளாப்பியோடு வாசலில் நின்றாள். தண்ணீர் கொடுத்தேன், நோன்பு என்றாள். இவர் போட்டுப் பார்த்தார். கோப்பின் பெயர் இருந்தது, உள்ளே ஓர் எழுத்து இல்லை. வேறு பிரதியும் இல்லை. கையால் எழுதிய குறிப்பட்டைகளைப் பார்த்து மறுபடி அடித்தாலும் திங்கட்கிழமைக்குள் முடியாது.

"அக்கா, நீங்க சொன்னியன்னுதான் இறக்குனேன்."



இவர் இறக்கும் பக்கத்தைத் திறந்தார். தேதியைப் பார்த்து, எது புதியது என்று அது தானே முடிவு செய்யும். கார்த்திகைத் தேதி போட்ட நல்ல பதிப்பு கீழே கிடந்தது. அதற்கு இரண்டு நாள் பிந்திய தேதி கொண்ட கெட்ட பதிப்பு 'புதியது' என்று உச்சியில் இருந்தது. அஸீலா இறக்கியது அதைத்தான். அடிப்பாவி அனுராதா, என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இவர் என் பக்கம் திரும்பவில்லை. தேதியைத் திருத்தி, நிரல் பக்கத்தில் காரணம் எழுதும் இடத்தில், உலகமே படிக்கும்படி எழுதினார்: 'நாள் பார்த்துக் கணினித் தேதியை மாற்றியது என் தவறு. தில்லைநாயகம்.'

"நீங்களா சார் நாள் பாத்திய?" என்று அஸீலா நம்பாமல் கேட்டாள்.

"ஆமாம்மா. எனக்கு அந்தப் பழக்கம் உண்டு."

என்னைப் பெண் பார்க்கவே ராகுகாலத்தில் வந்த மனுஷர்.