பத்து நிமிட நிறுத்தம்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. காலை ஏழரைக்கு ஜீப் வந்து என் தோட்டத்து வாசலில் நின்றது. டிரைவர் சுரேஷ் இறங்கினான். பின்னாலிருந்து யாருமே இறங்கவில்லை.

"எங்கப்பா ஆளுக?"

"யாரும் வரல மொதலாளி. பவுன்தாயி அக்கா வீட்டு முன்னாடி ஆரன் அடிச்சுப் பாத்தேன். பக்கத்து வீட்டு நாய்தான் வந்துச்சு."

போடிமெட்டுக்கு மேலே எனக்கு ஒரு சின்ன ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. போடியிலிருந்து பதினோரு பெண்கள் தினமும் ஜீப்பில் வந்து காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவார்கள். பவுன்தாயி அவர்களுக்குத் தலைவி. அன்றைக்குக் காய் சரியான பதத்தில் இருந்தது. விட்டால் பழுத்துவிடும். பழுத்ததை உலர்த்தினால் வெடிக்கும். வெடித்த காயை எவன் வாங்குவான்?

எனக்கு வியர்த்துவிட்டது. மலைக்குளிரில்... ஸ்வெட்டருக்குள்!

பயம் ஒரு பக்கம். மானம் இன்னொரு பக்கம். ஏனென்றால், அதற்குச் சில வாரம் முன்புதான் போடியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். 'ஊழியர்கள் ஏன் வேலையில் நிலைக்கிறார்கள்?' என்பது தலைப்பு. டை கட்டிய ஒருவர் திரையில் முக்கோணம், வட்டம் என்று ஒரு மணி நேரம் ஜியாமெட்ரி நடத்தினார். பிறகு கேள்வி நேரம். சும்மா உட்கார்ந்திருக்கலாம் இல்லையா? எழுந்தேன்.

"பக்கத்துத் தோட்டத்துல கூலி அதிகம் சார். ஆனாலும் ஆறு வருஷமா என் ஆளுக என்னை விட்டு நகரல. காரணம் — அன்பு! என் தோட்டம் ஒரு குடும்பம்!"

கைதட்டல்! எனக்கே கண் கலங்கியது. கூலியைக் கூட்ட மனமில்லாத முதலாளிகள் நாலு பேர் கூடிய இடத்தில் அன்புக்கு இருக்கிற மவுசே தனி. செலவில்லாத சரக்கு!

அந்தப் போதையில் நிர்வாகச் சீர்திருத்தத்தில் இறங்கினேன். பழைய டிரைவர் வேலுச்சாமி போடிமெட்டில் ஒரு டீக்கடை முன்னால் ஜீப்பை நிறுத்துவார். ஏறும்போது பத்து நிமிடம், இறங்கும்போது பத்து நிமிடம். என் நேரத்தில் இவருக்கு என்ன டீ? அவரை நிறுத்திவிட்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் மூச்சு விடாமல் ஏறுகிற சுரேஷைப் போட்டேன். ஒரே நிபந்தனை — வழியில் எங்கேயும் நிற்கக் கூடாது.

ஒரு வாரம் ஓடியது. அப்புறம்தான் இந்தக் காலி ஜீப்.

சரி, நாமே எடுப்போம் என்று செடிக்கடியில் குந்தினேன். ஒரு மணி நேரத்தில் அரைக் கூடை காய், காலில் நாலு அட்டை. என்னைவிட அணில் அதிகம் எடுத்தது. பவுன்தாயியோ போனை எடுக்கவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் ஆளைக் கடத்திவிட்டார் என்று முடிவுகட்டினேன். இன்னும் அரை மணி நேரத்தில் அது சர்வதேசச் சதியாக வளர்ந்தது. "போடிக்கு விடுடா ஜீப்பை!" என்று ஏறி உட்கார்ந்தேன்.

பயந்தால் சிலருக்குக் கை நடுங்கும். எனக்கு வயிறு கலக்கும்.

"சுரேஷு, அந்த டீக்கடைகிட்ட நிறுத்துப்பா."

"வழியில நிக்கக் கூடாதுன்னீகளே மொதலாளி?"

"அது ஆளுகளுக்குச் சொன்னதுய்யா!"

"ஆளுகளும் இப்படித்தான் கேட்டாக. இதே மாதிரி வயித்தப் புடிச்சுக்கிட்டு."

நிறுத்தினான். கடைக்குப் பின்னால் சிமெண்டில் கட்டிய ஒரு சின்னக் கக்கூஸ். தகரக் கதவு. உள்ளே தாழ்ப்பாள். வெளியே வந்த என்னிடம் டீக்கடைக்காரர் கேட்டார்:

"ஒங்க தோட்டத்துப் பொம்பளைகளை ஒரு வாரமாக் காணோமேண்ணே? வேலுச்சாமி கொண்டாந்து நிறுத்துவாரு, வரிசையாப் போயிட்டு வருவாக. அவுக வர்ற வழியில பொம்பளைக போறதுக்குக் கதவு வச்ச எடம் இது ஒண்ணுதானே..."

என் தோட்டத்தில் காய் உலர்த்த அறை இருக்கிறது. காருக்கு ஷெட் இருக்கிறது. நாய்க்குக்கூடக் கூரை போட்டிருக்கிறேன். அந்தப் பதினோரு பேருக்கு? "அம்புட்டுக் காடு கெடக்கே!" என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே.

ஆள் போனால் நன்றி கெட்டவர்கள். ஆள் நின்றால் நம்முடைய குணம். நாம் எல்லோரும் இப்படித்தானே நினைத்துக்கொள்கிறோம்? அவர்கள் எதற்காக நிற்கிறார்களோ, அது நம் கண்ணில் படுவதே இல்லை. பட்டால் முதலில் அதைத்தான் வெட்டுகிறோம்.

போடியில் பவுன்தாயி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"பக்கத்துத் தோட்டத்துல சேந்துட்டீகளாக்கா?"

"நாளைக்குச் சேரலாம்னு இருக்கோம். அங்கயும் காடுதான், ஒங்ககிட்டயும் காடுதான். நம்ம ஜீப்பு நிக்குமேன்னுதான் கொறஞ்ச கூலிக்கு வந்தோம். நிக்காத ஜீப்புல ஏறி எங்களுக்கு என்ன சோலி?"

"நான் அன்பா இருக்கறதாலன்னு நெனச்சேங்க்கா..."

வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"அன்பா? அதுக்குப் பின்னால போயி ஒக்கார முடியுமா மொதலாளி?"

வீட்டுக்குள்ளிருந்து நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம். என் குடும்பம்!

பவுன்தாயி சிரிக்கவில்லை. "வேலுச்சாமியண்ணனை வரச் சொல்லுங்க. தோட்டத்துல கதவு வச்சு ஒண்ணு கட்டுங்க. கட்டுறவரைக்கும் மெட்டுல ஜீப்பு நிக்கட்டும்."

மறுநாள் வேலுச்சாமி ஓட்டிவந்த ஜீப் பத்து நிமிடம் தாமதமாக வந்தது. பதினோரு பேரும் இறங்கினார்கள். காய் தப்பியது. அன்றைக்கே கொத்தனாரைப் பிடித்தேன். இரண்டு வாரத்தில் அறை தயார். கதவு, தாழ்ப்பாள், வெளியே நீல பெயிண்டில் 'பெண்கள்' என்று என் கையெழுத்து.

பவுன்தாயி முதலில் உள்ளே போனார். திறப்பு விழா விருந்தினர் மாதிரி நான் தூரத்தில் நின்று பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல்:

"மொதலாளி! எல்லாஞ் சரி... தண்ணி?"

இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஓடினேன். "வெரசா!" என்றது கதவு.

அவர்கள் நிலைப்பது இருக்கட்டும்... முதலாளி வேலையில் என்னை இன்னும் எத்தனை நாள் வைத்திருப்பார்களோ!