முறைப்படி நடந்த கல்யாணம்

எங்கள் வீட்டில் ஹிந்திக்கு நான்தான் அதிகாரி. ஒன்பது வயதில் அப்படியொரு பதவி எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அம்மா தாராவிக்கு வந்து இருபது வருடமாகியும் காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் ஹிந்தி வைத்திருந்தாள். அப்பா டிராம்பேக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார். என்னைவிட நன்றாக ஹிந்தி பேசும் அக்காவும் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். ஆகவே ரேஷன் கடையானாலும் பள்ளிக்கூடமானாலும் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். நானும் பெரிய வக்கீல் மாதிரி முன்னால் போய் நிற்பேன்.

தம்பிக்கு அப்போது ஏழு வயது. பகலெல்லாம் குரங்காகத் தாவுவான். பொழுது சாய்ந்தால் ஆளே மாறிவிடுவான். வாசலில் வைத்த தண்ணீர் டிரம்மில் முட்டிக்கொள்வான், படுத்திருக்கும் நாயை மிதிப்பான். மாலைக்கண் என்று எங்கள் சந்து தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆட்டு ஈரல் கொடுத்தால் சரியாகிவிடும் என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே இருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் ஈரல் வறுவல், அதுவும் அவனுக்கு மட்டும். அந்த மிளகு வாசனையில் எனக்கும் கண் தெரியாமல் போகக்கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன். ஒருநாள் சாயங்காலம் சுவரைத் தடவித் தடவி வீட்டுக்குள் நுழைந்து பார்த்தேன். அம்மா முதுகில்தான் ஒன்று வைத்தாள், தட்டில் ஒன்றும் வைக்கவில்லை.

ஆறு மாதம் ஈரல் தின்ற பிறகும் தம்பி திறந்து கிடந்த சாக்கடையில் விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டான். தையல் பிரித்த கையோடு அம்மா அவனைப் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மொழிபெயர்க்க நானும் போனேன்.

டாக்டர் அவன் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “மம்மி-பப்பா கீ ஷாதி ரிஷ்தே மே ஹுயீ தீ க்யா?”

சொந்தத்துக்குள் நடந்த கல்யாணமா என்பது அவர் கேள்வி. ஆனால் ரிஷ்தா என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம், பக்கத்து வீட்டு அக்காவைப் பெண் கேட்டு வந்தார்களே, அதுதான்.

“சம்பந்தம் பேசித்தான் கல்யாணம் நடந்துச்சான்னு கேக்காவ” என்றேன்.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. “பெறவு? ஓடியா வந்தோம்? முறைப்படிதான் நடந்துச்சுன்னு சொல்லுட்டி.”

அம்மாவைக் கட்டியது அவளுடைய சொந்தத் தாய்மாமன். அவர்தான் என் அப்பா. முறை என்று அம்மா சொன்னதற்கு அதுதான் அர்த்தம். நான் அதை, எல்லாம் மிகச் சரியாகவே நடந்தது என்கிற பொருளில், “ஏக்தம் பராபர் ஹுயீ, டாக்டர் சாப்” என்று ஹிந்தியாக்கினேன். போதாததற்கு பேண்டு வாத்தியமும் இருந்தது என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். டாக்டர் சிரித்துவிட்டு எதையோ எழுதினார். சில பரிசோதனைகள் எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அடுத்த வாரம் அக்கா லீவு போட்டுவிட்டு வந்தாள். என் பதவி பறிபோனதில் எனக்குக் கடுப்பு. இருந்தாலும் ஒட்டிக்கொண்டு போனேன். அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, எங்களோடேயே இருந்து தோல் பை பட்டறைக்குப் போய்வந்த மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. வெள்ளிக்கிழமை தவறாமல் கிங்ஸ் சர்க்கிள் வரை போய் அக்காவுக்கு மல்லிகைப்பூ வாங்கி வருவார். எனக்கு அவர் கொண்டுவரும் மைசூர்பாகுக்காகவே அந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று நான் சாமி கும்பிட்டிருக்கிறேன்.

டாக்டர் பழைய கேள்வியையே மறுபடி கேட்டார். அக்கா சரியான பதிலைச் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். போன வாரம் எழுதியதை அடித்துவிட்டு, காகிதத்தைத் திருப்பி எங்கள் குடும்பத்தை வட்டமும் சதுரமுமாக வரைந்தார். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே, சொந்தத்துக்குள் கட்டியதற்கு அடையாளமாக, இரட்டைக் கோடு போட்டார். நன்றாக நடந்த கல்யாணத்துக்கு இரண்டு கோடு கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அக்கா குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டாள். தன்னைக் காட்டினாள், மாமாவின் பெயரைச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். கண் நன்றாக இருப்பவர்கள்கூட உள்ளே சுமந்துகொண்டிருக்கலாம் என்று ஒரு வாக்கியம் வந்தது. எதைச் சுமப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

“என்னட்டி சொல்லுதாரு?” என்றாள் அம்மா.

“கண்ணுக்குள்ள இருக்க திரை தேய்ஞ்சுக்கிட்டே வருதாம்மா. ஈரலுக்கெல்லாம் கேக்காதாம். இதுக்கு மருந்து இன்னும் வரலையாம். வெயில்ல கண்ணாடி போடணும், ஸ்கூல்ல முன் பெஞ்சுல உக்கார வைக்கணும், வருசா வருசம் கூட்டியாந்து காட்டணுமாம்.”

“நம்ம புள்ளைக்கு இது எப்படிட்டி வந்துச்சு?”

அக்கா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். “சில பேருக்கு அப்படி வருமாம்மா.”

டாக்டர் அவ்வளவு நேரம் பேசியதை இவள் இவ்வளவுதான் சொல்கிறாளே என்று எனக்கு ஆத்திரம். “அக்கா, பாதியை விட்டுட்டியே!” என்று வாயைத் திறந்தேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. ஒரு வாரம் வலித்தது என்று சொன்னால் மிகை, ஆனால் வீட்டுக்கு வரும் வரை வலித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “எனக்கு மாமாவைப் புடிக்கல. கல்யாணம் வேண்டாம்” என்றாள் அக்கா. அம்மா எச்சில் கையோடு அவளை அறைந்தாள். யார் கேட்டும் அக்கா வேறு காரணம் சொல்லவில்லை. மாமா சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த மாதமே உல்லாஸ்நகரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். பெண்ணுக்குத் திமிர் என்று சந்து முழுக்கப் பேசியது. நானும் பேசினேன். “நீ கெட்டவ, மாமா பாவம்” என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவளோடு பேசவில்லை, தலை பின்னக்கூட விடவில்லை.

தம்பி இன்று, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மொபைலும் வெள்ளைக் கோலுமாக லோக்கல் ரயிலில் வேலைக்குப் போய் வருகிறான். மாமா வெளியில் பெண் கட்டினார். அவர் பிள்ளைகளுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அக்காவும் செம்பூரில், எங்களுக்குச் சொந்தமே இல்லாத குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். சில வருடங்களுக்கு முன் ரத்தப் பரிசோதனைக்காகத் தம்பியோடு போனபோதுதான், சொந்தத்துக்குள் கட்டுவதால் இந்த நோய் எப்படி வருகிறது, அக்காவும் மாமாவும் கட்டியிருந்தால் அவர்கள் பிள்ளைகளுக்கும் எப்படி வந்திருக்கலாம் என்று ஒரு டாக்டரம்மா எனக்கு விளக்கினார். நேரே அக்கா வீட்டுக்குப் போய் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்ததுமே, “அம்மாகிட்ட மட்டும் வாயைத் தொறந்துராத” என்றாள்.

அம்மா இன்னமும் தன் கல்யாணக் கதையைப் பெருமையாகச் சொல்வாள். கூடவே, “தங்கமான என் தம்பியை வேண்டாம்னவதானே நீ” என்று அக்காவை இடித்துக் காட்டுவாள். “ஆமா, அப்ப எனக்குத் திமிரு” என்று அக்கா சிரிப்பாள். அன்று காரணத்தைச் சொல்லியிருந்தால், தன் கல்யாணம்தான் தன் பிள்ளையின் கண்ணைப் பறித்தது என்று அம்மாவுக்குத் தெரிந்துபோயிருக்கும். அது தெரியக்கூடாது என்றுதான், உயிராக நினைத்த ஒருவரைப் பிடிக்கவில்லை என்று சொன்னாள். நான் அவளோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தேன்.