மேலங்கியில் ஏறிய மணம்

நோர்வேத் தமிழர் வீடுகளில் வெங்காயம் வெட்டுமுன் குளிர்மேலங்கிகளை அலுமாரிக்குள் வைத்து மூடிவிடுவோம். தாளித்த மணம் துணியில் ஏறினால் பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். நாற்பது வருடமாக என் கை இதை யோசிக்காமல் செய்கிறது.

கோடை முடிவில், நான் இருக்கும் நோர்வே ஊரின் ஆற்றுப் பாலத்தில் சனம் கூடும். கொழும்பு கொட்டாஞ்சேனைக் கடைகளில் நான் தகர ரின்னில் மட்டும் கண்டிருந்த சால்மன் மீன்கள், முட்டையிடக் கடலிலிருந்து ஏறி வரும் காலம் அது. போன வருடம் பக்கத்து வீட்டுக் கிழவர் அங்கே என்னிடம், "எல்லாம் மூக்கின் வேலை" என்றார்.

"மன்னியுங்கள், இனி ஜன்னலை மூடிச் சமைக்கிறேன்" என்றேன்.

அவர் விழித்தார். "நான் மீனைச் சொன்னேன்."

குஞ்சாக இருக்கும்போதே அவை பிறந்த ஆற்றின் மணத்தைப் பழகிவைத்துக்கொள்கின்றன. வருடங்கள் கழித்துக் கழிமுகத்தில் அந்த மணத்தைப் பிடித்து, கிளையாறு கிளையாறாக ஏறிப் போகின்றன. மூக்கை அடைத்துவிட்டால் வழி தவறும் என்று அவர் விளக்கினார்.

எனக்கு அக்காவின் நினைவு வந்தது. நான் நோர்வேக்கு வந்த புதிதில், கொட்டாஞ்சேனையில் நாங்கள் பிறந்த வீட்டிலிருந்து அவள் மாதாமாதம் கறித்தூள் அனுப்புவாள். செத்தல் மிளகாயை இருமி இருமித் தானே வறுத்து இடித்தது. பார்சல் வந்தால் கட்டடத்தின் படிக்கட்டு முழுவதும் மணக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. தொலைபேசியில், "அக்கா, இனி அனுப்பாதேங்கோ. கஸ்டம்ஸில விடுறாங்கள் இல்லை" என்றேன். பொய். "அப்ப நீ என்னத்தைச் சாப்பிடுவாய்?" என்று மட்டும் கேட்டாள். அதன்பின் எங்கள் பேச்சும் குறைந்துபோனது.

அந்தப் பொய்யை ஒப்புக்கொள்ளத்தான் இந்த வருடம் கொழும்புக்குப் போனேன். நான்கு நாள் சொல்ல வாய் வரவில்லை. ஐந்தாம் நாள் காலை, எண்பது வயது அக்கா எனக்காகச் சட்டியில் செத்தலைக் கொட்டினாள். முதல் நெடி எழுந்ததும் நான் எழுந்துபோய், விமானத்துக்காகப் போட்டுவந்த மேலங்கியை ஆணியிலிருந்து எடுத்து அலுமாரிக்குள் வைத்து மூடினேன்.

"என்னடா தம்பி, கள்ளன் வாறானோ?"

"இல்லை... மணம் பிடிச்சிடும்."

அகப்பை நின்றது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப கஸ்டம்ஸ் உன்ர வீட்டுக்குள்ளதான் இருந்ததோ?"

"ஓம், அக்கா."

அவள் மறுபடி கிளறத் தொடங்கினாள். "கருகப்போகுது. அந்தக் கோட்டைக் கொண்டுவந்து இஞ்ச கொழுவு."

குசினிக் கதவில் கொழுவினேன். இருவரும் இருமினோம்.

இப்போது நோர்வேயில் அந்த மேலங்கி அலுமாரிக்குள்தான் தொங்குகிறது. நான் அதை அணிவதில்லை. வெளியே எடுத்தால் இந்த ஊர் மணம் ஏறிவிடும்.