ஒண்ணுமில்ல என்று நான் சொன்ன விளக்கு

ஐயாவின் புதுக் காரோடு வந்த தடிமனான ஆங்கிலப் புத்தகத்தை முதலில் படித்தவன் நான்தான். ஐயா பிரான்சிலிருந்து பென்ஷனோடு காரைக்காலுக்குத் திரும்பியவர். என் அண்ணன் அவரிடம் டிரைவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்தே தெரியாத அண்ணன் அந்தப் புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, "எது எது எதுக்குன்னு படிச்சு சொல்லுடா" என்றார்.

அது பின்சக்கரம் தள்ளிக்கொண்டு போகிற வண்டி. வழுக்கலான வளைவில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வால் வெளியே வீசும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து வண்டியை நேராக்க வேண்டும். பழைய அம்பாசடரில் அண்ணனுக்கு அது பழகின வேலை. புது வண்டியிலோ அதற்கென்றே ஒரு கருவி இருந்தது. வால் வீச ஆரம்பித்ததுமே அது எஞ்சினை அடக்கி, எந்தச் சக்கரத்துக்குத் தேவையோ அதற்கு மட்டும் பிரேக் போடும். அப்போது மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரியும். மழையில் முதல் தடவை அது வேலை செய்தபோது அண்ணன் சிரித்துவிட்டார்.

"யாரோ பின்னாலேருந்து சட்டையப் புடிச்சு இழுக்குற மாதிரி இருக்குடா!"

ஆறே மாதத்தில் அந்த இழுப்பை நம்பி ஓட்டப் பழகிவிட்டார்.

பங்குனியில் ஒரு நாள் நெடுங்காட்டுப் பக்கம் ஐயாவின் வயலுக்கு இருவரும் போனோம். திரும்பும்போது பின்சக்கரம் களத்தோர மணலில் சிக்கியது. மிதிக்க மிதிக்க எஞ்சின் தானாக அடங்கியது. சக்கரம் வெறுமனே சுற்றினால் கருவி விடாது.

"பட்டன அமுத்தி அத நிறுத்தணும்ணே. புத்தகத்துல போட்டிருக்கு" என்று நானே அமுக்கினேன். வண்டி மணலை வாரி இறைத்துக்கொண்டு வெளியே வந்தது.

"படிச்சவன் படிச்சவன்தாண்டா" என்று அண்ணன் என் முதுகில் தட்டினார்.

வெளியே வந்ததும் பட்டனைத் திரும்ப அமுக்கிவிட வேண்டும் என்று அடுத்த வரியிலேயே இருந்தது. அதுவரை விளக்கு அணையாது என்றும் இருந்தது. அதையும் படித்திருந்தேன்; அமுக்கத்தான் இல்லை. தார் ரோட்டில் ஏறியதும் அண்ணன் கேட்டார்.

"அந்த மஞ்ச வெளக்கு அணையாம எரியுதே, என்னடா அது?"

"ஒண்ணுமில்லண்ணே. நீ ஓட்டு."

காய்ந்த ரோட்டில் என்ன வழுக்கப்போகிறது என்று நினைத்தேன். முதுகில் தட்டிய சுகம் வேறு.

அறுவடை முடிந்தால் எங்கள் பக்கம் உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகளின் டயர் ஏறி நெற்று உடைந்து உளுந்து உதிரும். ஒதுங்கிப் போகிற டிரைவருக்கு ஏச்சுதான் கிடைக்கும்; அண்ணன் எப்போதும் நடுவே ஏற்றித்தான் ஓட்டுவார். அன்று வளைவில் பரப்பியிருந்தது. முறத்தோடு நின்ற பெண்கள் கூவினார்கள்.

"இவ்ளோ பெரிய காரு, நத்த மாதிரி ஊருதே! டிரைவரு சாப்புடலயா?"

"நல்லா மிதிச்சு ஏத்துங்கண்ணே!"

அண்ணன் சிரித்துக்கொண்டே மிதித்தார். வால் வீசியது. அவர் கை ஒரு கணம் சும்மா இருந்தது. அந்த இழுப்புக்காகக் காத்திருந்த கணம் அது. பிறகு ஒடித்தார், நேரமில்லை. பின்கதவு மதகுச் சுவரில் மோதி நசுங்கியது. யாருக்கும் அடியில்லை.

"சறுக்காத வண்டின்னு சொல்லித்தானே வித்தான்? எப்புடிய்யா சறுக்கும்?" என்றார் ஐயா, வீட்டு வாசலில் நசுங்கிய கதவைப் பார்த்து.

"என் கைத்தப்புங்கய்யா."

நான் பக்கத்தில்தான் நின்றேன். எஞ்சினை நிறுத்தி மறுபடி கிளப்பினால் கருவி தானாகவே வேலைக்கு வந்துவிடும். அதனால் விளக்கும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மறுநாள் ஐயா அண்ணனிடம் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அண்ணன் மீன் பெட்டி ஏற்றும் மினி லாரி ஓட்டினார். உளுந்து பரப்பின இடம் வந்தால் ஓரமாக, ஆள் நடக்கிற வேகத்தில் போவார். பெண்கள் ஏசினால், "கை முன்ன மாதிரி இல்லம்மா" என்பார்.

இரண்டு வருஷம் கழித்து, இன்னொரு பங்குனியில், அந்த லாரியில் உட்கார்ந்துதான் பட்டன் விஷயத்தைச் சொன்னேன். அடுத்த வரியைப் படித்திருந்ததையும் மறைக்கவில்லை. அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார்.

"பட்டன் போட்டிருந்தா சறுக்கியிருக்காதா?"

"உறுதியா சொல்ல முடியாதுண்ணே. செடி மேல டயருக்குப் புடிமானம் கம்மி. ஆனா புடிச்சு இழுத்திருக்கும்."

ஸ்டியரிங் மேல் இருந்த தன் கைகளைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமாடா?"

வண்டியைக் கிளப்பினார். அடுத்து வந்த உளுந்துப் பரப்பிலும் ஓரமாகத்தான் போனார்.