சாமி பேருக்கு அர்ச்சனை

சிலிபின் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்பார். சீனி அண்ணன் ஒருநாளும் தன் பேரைச் சொன்னதில்லை. “சாமி பேருக்கே பண்ணுங்க” என்பார். மகள் தினேஸ்வரி பரீட்சை எழுதிய வருஷமும் அப்படித்தான். மனைவி நல்லம்மாள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலும் அப்படித்தான். தனக்கென்று ஒன்றைக் கேட்டு வாங்கத் தெரியாத மனிதர்.

நாங்கள் இருவரும் தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் பாலத்தடித் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்து எண்ணெய்ப்பனை வைத்தார்கள். பிறகு லயத்தை இடித்தார்கள். சனங்கள் சிலிபின், லூமுட், ஜொகூர் என்று கண்ட இடத்துக்கும் போனார்கள். ஆற்றுப்பாலத்தடியில் மாரியம்மன் மட்டும் அங்கேயே இருந்தாள். அண்ணன் சிலிபினில் ஒரு தொழிற்சாலைக்குக் காவல் வேலை பார்க்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் மோட்டார் சைக்கிளில் போய் அவளுக்கு விளக்கேற்றுவார். நான் பூத் தொடுத்துக் கொடுப்பேன்.

போன வருஷம் தோட்டத்தை வீடு கட்டும் கம்பெனி வாங்கிவிட்டது. கோயிலுக்கு ஆளே வருவதில்லை, எடுத்துவிடலாம் என்றார் கம்பெனிக்காரர். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். சரி, ஆடித் திருவிழாவுக்கு நானே வந்து பார்க்கிறேன், கூட்டம் இருந்தால் மேலே பேசுகிறேன் என்று அவர் சொல்லிப் போனார். கூட்டம் வந்தால் அம்மன் இருப்பாள், வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான்.

சிதறிப் போன சனத்தை எங்கே தேடுவது? கோயில் செயலாளர் கோகிலன்தான் வெப்சைட் யோசனை சொன்னார். இன்சூரன்ஸ் ஏஜண்ட், படித்த பிள்ளை. லேப்டாப்போடு அண்ணன் வீட்டுக்கு வந்து, இதில் இரண்டு சங்கதி இருக்கிறது என்று விளக்கினார். ஒன்று பேர், சனங்கள் போனில் தட்டித் தேடுவது. இன்னொன்று இடம், நம்முடைய படமும் எழுத்தும் உட்கார்ந்திருப்பது. இரண்டையும் வருஷ வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். இடத்தைத் தினேஸ்வரி தன் கார்டில் எடுத்தாள். பேரைப் பதியும்போது யார் உரிமையாளர் என்று லேப்டாப் கேட்டது.

“அம்மன் பேரப் போடு தம்பி.”

“அம்மனுக்கு ஈமெயில் இருக்காண்ணே?” கோகிலன் சிரித்தார். “உங்க பேரப் போடவா?”

அண்ணன் பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “வேணாம்லா. ஆத்தா பேருக்கு நான் சொந்தக்காரனா? பாவம் சுத்திக்கும்.”

அப்படியானால் செயலாளர் என்ற முறையில் என் பேர் இருக்கட்டும் என்றார் கோகிலன். தினேஸ்வரி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

தினேஸ்வரி பழைய படங்களையெல்லாம் தேடி ஏற்றினாள். காவடி, தீமிதி, லயத்துக் கல்யாணம். லூமுட்டிலிருந்து எங்கள் பழைய லயத்துச் செல்லாயி அக்கா போன் போட்டு அழுதது. செத்துப்போன தன் புருஷனை ஒரு தீமிதிப் படத்தில் கண்டுகொண்டதாம். பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் வெப்சைட் பேரை அனுப்பியதாகச் சொன்னது. அப்படியே கைமாறிக் கைமாறி அது எங்கெங்கோ போய்விட்டது. எங்களுக்கு அவர்கள் நம்பர் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பேர் ஒன்றுதான்.

அதற்குள் கம்பெனி புதுத் தாமான் குடியிருப்பின் மூலையில் கோயிலுக்கென்று கொஞ்சம் நிலம் காட்டியது. கோகிலனும் பாதிக் கமிட்டியும் ஒத்துக்கொண்டு புதுச் சிலை வைத்தார்கள், அதே பாலத்தடி மாரியம்மன் என்ற பேரில். உட்கார்ந்திருப்பவளை நான் தூக்க மாட்டேன் என்று அண்ணன் நின்றுவிட்டார். கமிட்டி இரண்டானது.

ஆடி பிறக்கும் சமயம் தினேஸ்வரி போனைக் கொண்டுவந்து காட்டினாள். எங்கள் பேரைத் தட்டினால் புதுக்கோயில் வந்தது. அதே தேதியில் திருவிழா அழைப்பு. எங்கள் படமெல்லாம் அவள் எடுத்த இடத்தில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே போகும் வழியைக் கோகிலன் திருப்பி வைத்துவிட்டார். பதிவு செய்த நிறுவனத்தை விசாரித்தாள். யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் கோகிலனுக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“நீங்கதானே வேணாம்னீங்க?” கோகிலன் குரலை உயர்த்தவேயில்லை. “நான் ஒண்ணும் திருடலண்ணே. அம்மன் ஒண்ணுதானே, எங்க கும்பிட்டா என்ன?”

“சரி தம்பி” என்று அண்ணன் போனை வைத்தார்.

தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். நிறையப் பேர் அழைப்புப் பார்த்தோம், வருகிறோம் என்றார்கள். எந்த அழைப்பு என்று அவர் விளக்குவதற்குள் வைத்துவிட்டார்கள்.

திருவிழா அன்று அண்டா அண்டாவாகச் சோறு வடித்தோம். சிலிபின் ஆட்கள் கொஞ்சம் பேர் வந்தார்கள், கோயில் முற்றம்கூட நிறையவில்லை. கம்பெனிக்காரர் வந்தார். கார் எஞ்சினை நிறுத்தாமலே இறங்கி, காலியாய்க் கிடந்த கொட்டகையைப் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் செல்லாயி அக்கா போன் வந்தது.

“சீனி, எங்கய்யா இருக்க? வேப்பமரத்தக் காணோம், எல்லாம் டைல்ஸா கெடக்கு.”

அது பழைய கோயில் இல்லை, பாலத்துக்கு வா என்றார் அண்ணன்.

“பஸ்ஸ எடுக்கப் போறாங்கய்யா. சாமியத்தான் பாத்துட்டேன்ல.”

மிஞ்சிய சோற்றைப் பனைமரம் சாய்க்க வந்திருந்த வெளிநாட்டு வேலையாட்களுக்குப் போட்டோம். பசியோடு, மரியாதையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தீபாவளி கழிந்து கோயிலை இடித்தவர்களும் அவர்கள்தான். அவர்களைச் சொல்லி என்ன. அம்மனை அண்ணன் வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்து வைத்தோம்.

அந்தப் படங்களுக்காவது ஒரு வழி வேண்டும், வேறு பேர் பதியலாம் என்றாள் தினேஸ்வரி. லேப்டாப்பைத் திறந்து, இந்தத் தடவை யார் பேரப்பா என்று கேட்டாள். அண்ணன் சிலையைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து அடையாளக் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“என் பேரப் போடு.”

அந்த வெள்ளிக்கிழமை சிலிபின் கோயிலில் நான் அவருக்குப் பின்னால் நின்றேன். குருக்கள் வழக்கம்போலத் தட்டை வாங்கி, அவரைக் கேட்காமலே சாமி பேருக்கு என்று ஆரம்பித்தார்.

“இல்ல” என்றார் அண்ணன். “சீனி. பூச நட்சத்திரம்.”

குருக்கள் திரும்பிப் பார்த்தார். அண்ணன் கை கூப்பவில்லை. கற்பூரம் காட்டி முடியும்வரை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.